அட்டவணையில் அடங்காத விண்ணப்பங்கள்

கலை, சமூக அறிவியல் துறைகளுக்கு ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுக்களில் சில முறை அமர்ந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் விண்ணப்பங்களுக்கு முன்பாகவே ஓர் அட்டவணை கைக்கு வந்துவிடும். கட்டுரைகள், மேற்கோள்கள், எச்-குறியீடு என்று எல்லாம் எண்களாக அதில் வரிசை கட்டி நிற்கும். எச்-குறியீடு ஐந்து என்றால், தலா ஐந்து முறையேனும் பிறர் மேற்கோள் காட்டிய ஐந்து படைப்புகள் ஒருவருக்கு உண்டு என்று பொருள். ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் முன்வைத்த அந்தக் குறியீடு, ஆவணக் காப்பகத்தில் பத்தாண்டுகள் உழைத்து ஒரே ஒரு நூலை எழுதி முடித்த வரலாற்று ஆய்வாளருக்கு எவ்வாறு பொருந்தும்? அவருடைய குறியீடு ஒன்றைத் தாண்டவே வழியில்லை. ஆய்விதழின் தாக்கக் காரணியை, அதாவது அதில் வரும் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற கணக்கை, கொண்டு ஆய்வாளரை அளக்கலாகாது என்று ஆய்வு மதிப்பீடு குறித்து 2012இல் உருவான சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் வலியுறுத்திய பின்னரும், பழக்கம் எளிதில் விடுவதில்லை. எண்களைக் கூட்டுவது வாசிப்பதைவிடச் சுலபம் அல்லவா?

ஒரு மானிடவியல் பணியிடத்துக்கான பட்டியலில் கடைசியில் இருந்தவரின் எழுத்து மாதிரியை, கூட்டத்துக்கு முந்தைய இரவில் ஏறத்தாழத் தற்செயலாகத்தான் படித்தேன். தம்மிடம் பேச மறுத்த ஒரு மூதாட்டியின் மௌனத்தைக் களக்குறிப்பில் எப்படிப் பதிவது என்று மூன்று பக்கங்களில் தயங்கித் தயங்கி எழுதியிருந்தார். மறுநாள் மாதிரி வகுப்பில், மாணவி ஒருவர் எழுப்பிய ஐயத்தைக் கேட்டதும், தாம் கரும்பலகையில் வரைந்த உறவுமுறைப் படத்தைப் பாதியிலேயே அழித்துவிட்டு, அந்த ஐயத்திலிருந்தே மீண்டும் தொடங்கினார்.

மதிப்பெண் தாளில் இதற்கெனக் கட்டம் ஏதும் இல்லை. ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன்.