ரிமாண்ட் வேளையில் பேச்சுரிமை

பேச்சுரிமை வழக்கு என்றதும் எல்லோருக்கும் உச்ச நீதிமன்றம்தான் நினைவுக்கு வருகிறது. நான் நடத்திய வழக்குகளில் பெரும்பாலானவற்றின் தலையெழுத்து முடிவானது மாஜிஸ்திரேட் வீட்டு வாசலில், இரவு எட்டு மணிக்கு மேல். முகநூலில் ஏதோ எழுதியவரை வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கைது செய்வார்கள். ராத்திரியே மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தி ரிமாண்ட், அதாவது சிறைக் காவல், கேட்பார்கள். சனி, ஞாயிறு கோர்ட் கிடையாது. ஜாமீன் மனு திங்கட்கிழமைதான் நம்பர் ஆகும். பிற்பாடு உயர் நீதிமன்றம் வழக்கையே ரத்து செய்தாலும் அந்த ராத்திரிகளை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. எழுதியவருக்கு அது போதும். அவரோடு டீ குடிக்கிற பத்துப் பேருக்கும் போதும்.

தென் மாவட்டத்துக் கோர்ட் ஒன்றில் கிரிமினல் பக்கம் தொழில் செய்கிறேன். இந்த மாதிரி எஃப்.ஐ.ஆர்.கள் எல்லாம் ஒரே அச்சில் வரும். புகார்தாரர் பல சமயம் அதே ஸ்டேஷன் எஸ்.ஐ.தான். ரோந்துப் பணியில் இருந்தபோது கைப்பேசியில் முகநூலைப் பார்த்ததாகவும், பதிவு இரு பிரிவினரிடையே பகையை மூட்டும் வகையில் இருந்ததாகவும் எழுதியிருப்பார். (ரோந்தில் முகநூல் பார்க்கலாமா என்று இதுவரை எந்த நீதிபதியும் கேட்டு நான் பார்த்ததில்லை.) முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 153, 153ஏ, 505. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். சட்டத்தின் 192, 196, 353. எண்கள்தான் மாறின, ஸ்டேஷன் ரைட்டர் அடிக்கிற வாசகம் அப்படியேதான் இருக்கிறது.

கண்மாய் தூர்வாரியதாகக் கணக்கு எழுதிவிட்டார்கள், மண்ணே அள்ளவில்லை என்று எழுதிய ஒருவர் மேல் பகை மூட்டும் குற்றமான 153ஏ போட்டிருந்தார்கள். அந்தப் பிரிவுக்குக் குறைந்தது இரண்டு சமூகங்கள் வேண்டும் என்று 1997இலேயே பிலால் அகமது கலூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. “ஒரு பக்கம் இவர், இன்னொரு பக்கம் பொதுப்பணித் துறையா?” என்று கேட்டேன். அரசுத் தரப்பு வக்கீலான ஏ.பி.பி.யே சிரித்துவிட்டார். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. பதினைந்து நாள் ரிமாண்ட் என்று எழுதினார்.

ஜூனியராக இருந்த காலத்தில் இதற்கெல்லாம் அரசியல் சட்டத்தில் பேச்சுரிமை தரும் 19ஆவது பிரிவைத்தான் முதலில் எடுப்பேன். சீனியர் தடுத்தார். “பத்தொன்பத மதுரை பெஞ்சுக்கு எடுத்து வைம்மா. இங்க 41ஏ நோட்டீஸ் குடுத்தானான்னு மட்டும் கேளு.” கைது செய்யாமல் விசாரணைக்கு வரச் சொல்லும் நோட்டீஸ் அது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்தது. ஏழாண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் கைது ஏன் அவசியம் என்று போலீஸ் காரணம் எழுத வேண்டும், அதை மாஜிஸ்திரேட் படித்துப் பார்த்துத்தான் ரிமாண்ட் செய்ய வேண்டும் என்கிறது 2014ஆம் ஆண்டின் அர்னேஷ் குமார் தீர்ப்பு. முகநூல் வழக்குகளில் வழக்கமாக வரும் பிரிவுகள் எல்லாம் அந்த வரம்புக்குள் அடங்கிவிடும். சீனியர் சொன்னது கோழைத்தனம் என்று அப்போது நினைத்தேன். இப்போது என் ஜூனியர்களுக்கு அதையேதான் சொல்கிறேன்.

இதற்கு நல்ல சாட்சி வாடிப்பட்டி வழக்கு. குடும்பத்தோடு சிறுமலைக்குச் சுற்றுலா போன ஒருவர், துப்பாக்கிப் பயிற்சிக்குப் போவதாக வேடிக்கையாக எழுதிப் படம் போட்டார். அரசுக்கு எதிராகப் போர் தொடுக்க ஆயுதம் சேர்த்தார் என்கிற அளவுக்குப் பிரிவுகளை அடுக்கினார்கள். 2021 டிசம்பரில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அந்த எஃப்.ஐ.ஆரை ரத்து செய்தார். நகைச்சுவையைப் பற்றிய அவருடைய வரிகளைத்தான் பத்திரிகைகள் கொண்டாடின. எனக்குப் பிடித்தது வேறொரு இடம். ரிமாண்ட் செய்ய மறுத்த வாடிப்பட்டி மாஜிஸ்திரேட்டை அவர் பாராட்டுகிறார், மற்ற மாஜிஸ்திரேட்டுகளும் அப்படி இருக்க வேண்டும் என்கிறார். அந்தப் பக்கத்தை மட்டும் தனியே நகலெடுத்துப் பையில் வைத்திருக்கிறேன். சில இரவுகளில் உதவியிருக்கிறது.

மற்றபடி, பேச்சுக்கு அரசு போடும் வேலிகளின் கதையில் சென்னை மாநிலத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பம்பாயில் அச்சான ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற வார இதழ் சென்னை மாநிலத்துக்குள் நுழையக் கூடாது என்று 1950 மார்ச்சில் இங்குள்ள அரசு தடை போட்டது. அதே ஆண்டு மே மாதம் ரொமேஷ் தாப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கியெறிந்தது. எந்தெந்தக் காரணங்களுக்காகப் பேச்சைக் கட்டுப்படுத்தலாம் என்று பட்டியலிடும் 19(2)இல் பொது ஒழுங்கு என்ற காரணம் அப்போது இல்லை. 1951இல் முதல் திருத்தம் வந்து அதைச் சேர்த்தது. திராவிட நாடு கோரிக்கை சூடாக இருந்தபோது 1963இல் பதினாறாவது திருத்தம் ‘இறையாண்மை, ஒருமைப்பாடு’ என்பதைச் சேர்த்தது. ஆக, அந்தப் பட்டியலில் இரண்டு வரிகள் நம்மை மனதில் வைத்து எழுதப்பட்டவை. கட்டுப்பாடு நியாயமானதா என்பதை எப்படி அளப்பது என்று 1952இல் சொன்ன தீர்ப்பும் சென்னை வழக்கறிஞர் வி.ஜி. ராவ் பெயரிலான வழக்கில் வந்ததுதான். இதை என் ஜூனியர்களிடம் கொஞ்சம் பெருமையோடுதான் சொல்வேன்.

கைது, ரிமாண்டையாவது எதிர்க்கலாம். எனக்கு அதிகம் எரிச்சல் தருவது அமைதிக் கூட்டம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் ஊரைப் பற்றிச் சிறு நூல் எழுதினார். கோயில் முதல் மரியாதை பற்றிய ஒரு பத்தி ஒரு தரப்புக்குப் பிடிக்கவில்லை. தாலுகா அலுவலகத்தில் கூட்டம். வெளியே நூறு பேர், உள்ளே தாசில்தார், இன்ஸ்பெக்டர், ஆசிரியர், நான். யாரும் மிரட்டவில்லை. டீ கொடுத்தார்கள். “ஐயா, நீங்க பெரியவங்க. நீங்கதான் விட்டுக்குடுக்கணும். நாளைக்கு ஒண்ணுன்னா என் தலைதான் உருளும்” என்றார் தாசில்தார். ஆசிரியர் என்னைப் பார்த்தார். சட்டப்படி கையெழுத்துப் போட வேண்டியதில்லை என்றேன். “வக்கீலம்மா, நீங்க கார்ல போயிருவீங்க. நான் அந்தத் தெருவுலதான இருக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போட்டார். பிரதிகளைத் திரும்பப் பெறுவதாக அவரே விரும்பி எழுதிக்கொடுத்த கடிதம் என்றுதான் கோப்பில் இருக்கும். தடை என்று ஓர் உத்தரவே இல்லை. எதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவது?

‘மாதொருபாகன்’ நாவல் எழுதிய பெருமாள்முருகனுக்கு 2015 ஜனவரியில் நாமக்கல்லில் நடந்ததும் இதுதான். அங்கே எழுதி வாங்கிய உடன்பாடு யாரையும் கட்டுப்படுத்தாது என்று 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதற்கும் முன்பே, 1989இல், ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொல்லியிருந்தது: கலவரம் வரும் என்று மிரட்டினால் பேச்சை நிறுத்தக் கூடாது, மிரட்டுகிறவரைக் கட்டுப்படுத்துவதுதான் அரசின் வேலை. தாசில்தார் மேசைக்கு அந்தத் தீர்ப்பு இன்னும் போய்ச் சேரவில்லை. ஆசிரியரின் நூல் அவர் வீட்டு மச்சிலேயே கிடக்கிறது.

இவ்வளவும் சொல்வதால் எந்தப் பேச்சுக்கும் வேலியே கூடாது என்கிறவள் நானில்லை. சாதிக் கொலை ஒன்று நடந்த மறுவாரம், இன்னொரு தலை விழும் என்று ஓர் ஆடியோ சுற்றுவட்டாரத்து வாட்ஸ்அப் குழுக்களில் பரவியது. இறந்த பையனின் ஊர்க்காரர்களுக்காகப் புகார் எழுதினேன். வெறுப்புப் பேச்சை எடைபோட ஐ.நா. ஏற்பாட்டில் 2012இல் மொராக்கோவின் ரபாத்தில் வகுத்த ஆறு கேள்விகள் உண்டு: சூழல் என்ன, பேசியவர் யார், நோக்கம் என்ன, சொன்னது என்ன, எத்தனை பேரிடம் போனது, விபரீதம் நடக்க எவ்வளவு வாய்ப்பு. கண்மாய்க்காரர் வழக்கில் ஆறுக்கும் சாதகமான பதில் வந்தது. இந்த ஆடியோவில் ஆறும் அபாயம் என்றன. கண்மாய்க்காரரை ஒரே நாளில் பிடித்த போலீஸ், இந்தப் புகாருக்கு ரசீது கொடுக்கவே ஒரு வாரம் ஆக்கியது. இந்தியா 1979இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா.வின் சிவில், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு பேச்சைக் காக்கிறது, 20ஆம் பிரிவு பகைமைத் தூண்டலைத் தடுக்கச் சொல்கிறது. எங்கள் பக்கம் இரண்டும் தலைகீழாக நடக்கிறது.

ஜாமீன் கிடைத்தாலும் நிபந்தனை இருக்கும். தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்து, கூடவே இனி எதுவும் பதிவிட மாட்டேன் என்று உறுதிமொழி. செய்திகளின் உண்மையைச் சரிபார்க்கும் பத்திரிகையாளர் முகமது ஜுபைர் வழக்கில் 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அப்படியொரு வாய்ப்பூட்டைப் போட மறுத்தது. அதைக் காட்டலாம். ஆனால் சிறைவாசலில் நிற்கும் அம்மாவிடம், “இந்த நிபந்தனையை எதிர்த்தால் இன்னும் நாலு நாள் ஆகும்” என்று சொன்னால் என்ன பதில் வரும்? என் கட்சிக்காரர்கள் எல்லோருமே உறுதிமொழி கொடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தார்கள்.

இப்போது கையில் புதிதாக ஒன்று இருக்கிறது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173(3)படி, மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குள் தண்டனையுள்ள குற்றங்களில் எஃப்.ஐ.ஆர். போடும் முன் டி.எஸ்.பி. அனுமதியோடு பதினான்கு நாளில் முதல்கட்ட விசாரணை நடத்திப் பார்க்கலாம். பேச்சு, எழுத்து தொடர்பான வழக்குகளில் அப்படிச் செய்வதே பொருத்தம் என்று 2025 மார்ச்சில், காங்கிரஸ் எம்.பி. இம்ரான் பிரதாப்கடி ஒரு கவிதைக்காகச் சந்தித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சென்ற மாதம் ஓர் இன்ஸ்பெக்டரிடம் தீர்ப்பைக் கொடுத்தேன். நிதானமாகப் புரட்டினார். “நல்ல தீர்ப்பு மேடம். ஆனா ‘விசாரிக்கலாம்’னுதான சட்டத்துல இருக்கு, ‘விசாரிக்கணும்’னு இல்லையே” என்றார். சட்டம் தெரிந்த மனிதர். அந்த முதல்கட்ட விசாரணையைக் கேட்டு டி.எஸ்.பி.க்கு எழுத்துமூலம் மனு கொடுத்துப் பதிவுத் தபால் ரசீதை வைத்திருக்கிறேன். கைது செய்தால் ரிமாண்ட் வேளையில் முதலில் நீட்டப்போவது அந்த ரசீதைத்தான்.