ஆன்லைன் டிரெய்னிங் எதுல சேரலாம்?

நர்ஸ் வேலை பார்க்கிற தங்கச்சி ஒருத்தி இன்பாக்ஸ்ல கேட்டா: "அக்கா, ஆராய்ச்சி படிக்க ஆன்லைன்ல எதுல சேரலாம்?"

கேமராவை அணைச்சுட்டு, கடைசியில கூகுள் ஃபார்ம் நிரப்பி சர்டிபிகேட் வாங்குற வெபினாரெல்லாம் வேணாம்மா. சென்னையில இருக்கிற ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தோட 'ஹெல்த் ரிசர்ச் ஃபண்டமென்டல்ஸ்' பாடத்தைத் தேடிப் பாரு. உருப்படியான சரக்கு.

இந்தப் படிப்புல எனக்கு உறைச்சது செலக்‌ஷன் பயாஸ்தான், அதாவது ஆளைத் தேர்ந்தெடுக்கிறதுலயே வந்துடுற சாய்வு. காலையில பதினோரு மணிக்கு கானாடுகாத்தான் தெருவுல பிரஷர் கணக்கெடுக்கப் போனா யாரு கதவைத் திறப்பாக? ஆச்சியும் ஐயாவும்தான். பாதி வீடு பூட்டிக் கிடக்கும். வேலைக்குப் போனவுக, வெளியூர்ல இருக்கிறவுக எவரும் நோட்டுல ஏறமாட்டாக. அதை வச்சு 'ஊர்ல பாதிப் பேருக்கு பிரஷர்'னு எழுதினா, அது ஊர்க் கணக்கில்லை. வீட்டுல இருந்தவுக கணக்கு.

ஆய்வுல சேர சம்மதம்னு வாங்குற ஒப்புதல் படிவத்துலயும் கவனம் வேணும். எழுதப் படிக்கத் தெரியாதவுககிட்ட கைநாட்டு மட்டும் வாங்கிட்டு வரக்கூடாது. ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத சாட்சி ஒருத்தர் கூட இருக்கணும். 2017 ஐ.சி.எம்.ஆர். நெறிமுறையிலயே இருக்கு.

நேரலைதான் வேணும்னா 'எக்கோ' வகுப்புல சேரு. 2003ல நியூ மெக்சிகோவுல டாக்டர் சஞ்சீவ் அரோரா ஹெபடைடிஸ் சி-ங்கிற கல்லீரல் நோய்க்காக ஆரம்பிச்ச முறை. நிபுணர் பேசிட்டுப் போயிடமாட்டாரு; சின்ன ஊர் டாக்டர் தன்கிட்ட வந்த கேஸைச் சொல்ல, எல்லாருமா அலசுவாக.

அப்புறம், நம்ம பக்கத்துக் கெட்டிச் சுவர் வீட்டுல ரெண்டாங்கட்டுக்கு நெட்டு வராது. லேப்டாப்பைத் தூக்கிட்டு முகப்புக்கு வந்துரு.