கருங்கற்களின் மேல் ஏழு வாரங்கள்

2023 மார்ச் மாதத்தில் என் வேலை போயிற்று. துறைமுகச் சரக்குகளுக்கு ஆவணம் தயாரிக்கும் கிளியரிங் அலுவலகம் ஒன்றில் 11 ஆண்டுகள் பணியாற்றியவன் நான். மனைவியிடம் சொல்ல வாய் வராததால், வழக்கம்போல் காலை எட்டரைக்குத் தண்டையார்பேட்டை வீட்டிலிருந்து சாப்பாட்டு டப்பாவுடன் கிளம்பி, எண்ணூர் விரைவுச் சாலையோரம் கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் கருங்கற்களின் மேல் உட்கார்ந்துவிட்டு மாலையில் திரும்புவேன். சம்பளத் தேதியில் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஏழு வாரங்கள் இப்படியே கழிந்தன.

விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். பிறகு தூக்கம் இல்லை. எடை ஆறு கிலோ குறைந்தது. பணக் கவலைதான் காரணம், வேலை கிடைத்தால் சரியாகிவிடும் என்றே நம்பினேன். ஆனால் நேர்காணலுக்கு அழைப்பு வந்த நாளில்கூட எழுந்து சட்டை மாட்ட முடியாமல் போனது.

ஒரு நாள் மாலை, கழுவுவதற்காக டப்பாவைத் திறந்த மனைவி, “என்னங்க, வச்ச சோறு அப்படியே இருக்கே, உடம்புக்கு என்ன?” என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தவள், “நாளையிலிருந்து வெயில்ல போய் உட்காராதீங்க” என்று மட்டும் சொன்னாள். என் பொறுப்பை நான் மீண்டும் கையில் எடுத்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். அதுவரை குடும்பத்தைக் காப்பதாக எண்ணி அவளைத் தள்ளியே வைத்திருந்தேன்.

மறுநாள் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை அழைத்தேன். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய, கட்டணமில்லாத, 24 மணி நேர மனநலச் சேவை அது; தமிழிலேயே பேசினார்கள். அவர்கள் சொன்னபடி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போய் ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நின்றேன். கடந்த இரண்டு வாரங்களை மனத்தில் வைத்துப் பதில் சொல்ல வேண்டிய ஒன்பது கேள்விகளைக் கேட்டார்கள். மொத்தம் 27 மதிப்பெண்ணில் எனக்கு 19. மனச்சோர்வு என்று மருத்துவர் சொன்னார். மாத்திரையின் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகலாம், அதுவரை பொறுத்திருங்கள் என்றும் சொன்னார்.

மூன்றாவது வாரக் கடைசியில் தூக்கம் திரும்பியது. இரண்டு மாதங்களில் நன்றாகிவிட்டதாக எண்ணி, யாரையும் கேட்காமல் மாத்திரையை நிறுத்தினேன். இந்தப் பயணத்தில் நான் செய்த பெரும் பிழை இதுவே. சில நாள்களில் தலைசுற்றலும், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வும் வந்தன. ஒரு மாதத்தில் பழைய மூன்று மணி விழிப்பும் வந்தது. மருத்துவரிடம் இதை ஒப்புக்கொள்வது, மனைவியிடம் வேலை போனதைச் சொன்னதைவிடக் கடினமாக இருந்தது. அவர் கடிந்துகொள்ளவில்லை. நலமான பிறகும் குறைந்தது ஆறு மாதங்களாவது தொடர வேண்டும், நிறுத்துவதானால் சிறிது சிறிதாகக் குறைத்தே நிறுத்த வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார்.

அதன்பின் ஒரு நோட்டு வாங்கினேன். தூங்கிய நேரம், மாத்திரை போட்டேனா, அரை மணி நேரமாவது நடந்தேனா, யாரிடமாவது மனம்விட்டுப் பேசினேனா: தினமும் நான்கு வரிகள். மனம் இருந்தால் நடப்போம் என்று காத்திருந்த காலமெல்லாம் நான் நடந்ததே இல்லை. காசிமேட்டுப் பக்கம் போய்த் திரும்பிய பிறகே மனம் சற்று இளகும்.

இப்போது மண்ணடியில் ஓர் இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் முன்பைவிடக் குறைவு. மாத்திரையின் அளவைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள். அடுத்த முறை வரும்போது நோட்டை எடுத்துக்கொண்டு, மனைவியையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். அன்றைக்குக் கடையில் இப்போதே விடுப்பு சொல்லிவிட்டேன்.