தும்புக் கயிறும் ஒரு தவறான அம்புக்குறியும்

முதல் தடவை உயர்தரம் எழுதி உயிரியலில் ‘எஸ்’ (சாதாரண சித்தி) மட்டும் எடுத்தவன் நான். எங்கள் தோட்டத்துப் பள்ளியில் அந்தப் பாடத்துக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆசிரியர் இல்லை. சனிக்கிழமைகளில் ஹட்டன் டவுனுக்கு பஸ் ஏறிப் போய்ப் படித்ததுதான். இரண்டாம் தடவை ‘பி’ வந்தது. நடுவில் என்ன மாறியது என்று கேட்கிற தம்பி தங்கைகளுக்காக, நான் அதிகம் அடி வாங்கிய டி.என்.ஏ. அலகைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ரிசல்ட்ஸ் வந்த பிறகு கிளாஸ் சேர், டி.என்.ஏ. இரட்டிப்புக் கட்டுரையைத் திரும்ப எழுதச் சொன்னார். எழுதினேன். ஹெலிகேஸ், பிரைமேஸ், பொலிமரேஸ், லிகேஸ், ஒரு நொதியமும் விடவில்லை. படத்தில் இரண்டு புதிய இழைகளுக்கும், பழைய இழைகள் பிரிகிற கவையை நோக்கியே அம்பு போட்டிருந்தேன். சேர் அதில் ஒரு அம்பை மட்டும் சிவப்பில் வட்டமிட்டு, “இதில் 3′ எந்தப் பக்கம்?” என்றார். ஒரு இழையின் இரண்டு முனைகளுக்கும் 5′, 3′ என்று பெயர். பதில் சொல்ல முடியவில்லை. பெயர்கள் எல்லாம் மனப்பாடம், வேலை எதுவும் தெரியாது.

அந்த இரவே வீட்டில், அம்மா கொழுந்துக் கூடைக்குக் கட்ட வைத்திருந்த தும்புக் கயிற்றை எடுத்தேன். இரண்டு புரி. ஒரு நுனியை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு, மறு நுனியிலிருந்து புரிகளைப் பிரித்துக்கொண்டே போனேன். பாதி தூரத்தில் முன்னால் இருந்த முறுக்கு இறுகி, கயிறு தானாகவே சுருண்டு முடிச்சுப்போல ஆகிவிட்டது. அதற்கு மேல் பிரிக்க முடியவில்லை. இழைகளைப் பிரிக்கிற ஹெலிகேஸுக்கு முன்னால் டோப்போஐசோமரேஸ் ஏன் வேண்டும் என்பது அப்போதுதான் விளங்கியது: அது இழையை வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, மறுபடி ஒட்டுகிறது. கயிற்றை நாசமாக்கியதற்கு அம்மாவிடம் வாங்கியது தனிக் கதை.

கயிறு சொல்லித் தராதது திசை. டி.என்.ஏ.யின் இரண்டு இழைகளும் ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் ஓடுகின்றன. புதிய இழையைக் கட்டுகிற பொலிமரேஸோ 3′ முனையில் மட்டுமே புதிய நியூக்கிளியோடைட்டைச் (இழையின் ஒரு அலகை) சேர்க்கும். இந்த இரண்டையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் மிச்சக் கதையில் பாதியை நீங்களே சொல்லிவிடலாம்.

எங்கள் கோயில் திருவிழாவுக்கு முன்பு மேட்டுப் படிக்கட்டைத் துப்புரவாக்குவோம். ஒருவர் கத்தியால் பற்றையை வெட்டிக்கொண்டே மேலே போவார். ஆனால் கூட்டுகிறவர் மேலிருந்து கீழேதானே கூட்ட வேண்டும்? நாலு படி வெளிப்பட்டதும் ஏறிப்போய், முன்பு கூட்டத் தொடங்கிய இடம்வரை கூட்டி இறங்குவார். இன்னும் நாலு படி வெளிப்பட்டால் மறுபடி ஏற வேண்டும். கத்திக்காரர் ஹெலிகேஸ், கூட்டுகிறவர் பொலிமரேஸ். கவைக்கு எதிர்த் திசையில் கட்டப்படும் பின்தங்கும் இழை இப்படித்தான் துண்டு துண்டாக உருவாகிறது. அவைதான் ஒகசாகி துண்டுகள். பக்டீரியாவில் ஒவ்வொன்றும் சுமார் 1000 முதல் 2000 நியூக்கிளியோடைட் நீளம். கவையை நோக்கி வளரும் முன்னணி இழை, கத்திக்காரர் பின்னாலேயே நிற்காமல் போகிற ஆள்.

பொலிமரேஸுக்கு இன்னொரு குறை: வெறும் இழையில் அதனால் தொடங்க முடியாது. அதனால் பிரைமேஸ் சின்னதாக ஒரு ஆர்.என்.ஏ. முதலியை (தொடக்கத் துண்டை) வைத்துக் கொடுக்கிறது. முன்னணி இழைக்கு ஒன்று போதும், பின்தங்கும் இழையில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒன்று. பக்டீரியாவில் பொலிமரேஸ் 1 அதை அகற்றி டி.என்.ஏ.யால் நிரப்பும், லிகேஸ் மிஞ்சிய இடைவெளியைப் பிணைக்கும். டி.என்.ஏ. பாடத்துக்குள் ஆர்.என்.ஏ. எங்கிருந்து வந்தது என்று நான் ரொம்ப நாள் குழம்பிய இடம் இது.

கணக்குகளுக்கு வருவோம். டி.என்.ஏ.யின் காரங்களில் அடினின் (ஏ) தைமினோடும் (டி), குவானின் (ஜி) சைற்றோசினோடும் (சி) சோடி சேரும். 1000 காரச் சோடிகள் உள்ள டி.என்.ஏ.யில் 30 சதவீதம் அடினின் என்றால் ஐதரசன் பிணைப்புகள் எத்தனை? நான் 1200 என்று போட்டேன். சோடி 1000 என்றால் காரங்கள் 2000 என்பதைக் கவனிக்கவில்லை. அடினின் 600, ஆகவே ஏ–டி சோடி 600, ஜி–சி சோடி 400. முன்னதில் தலா இரண்டு பிணைப்பு, பின்னதில் தலா மூன்று, மொத்தம் 2400. என் பிழையான 1200உம் தெரிவுகளில் இருந்தது. வினாத்தாள் தயாரிக்கிறவர்களுக்கு நம்மை நன்றாகத் தெரியும். ஏ=டி, ஜி=சி என்பது இரட்டை இழைக்கு மட்டும்தான் என்பதையும் மறக்கவேண்டாம். ஒற்றை இழை டி.என்.ஏ. உள்ள வைரஸைத் தந்துவிட்டு அதே கணக்கைக் கேட்பார்கள்.

இரட்டிப்பில் பழைய இழை ஒவ்வொன்றும் ஒரு புதிய இழையோடு சேர்கிறது என்று 1958இல் மெசல்சனும் ஸ்டாலும் காட்டிய பரிசோதனைக்கு இரண்டு கலர் பேனை போதும். பாரமான நைதரசன் 15 உள்ள பழைய இழைகள் இரண்டையும் சிவப்பிலும், சாதாரண நைதரசன் 14இல் உருவாகும் புதியவற்றை நீலத்திலும் வரையுங்கள். எத்தனை தலைமுறை போனாலும் சிவப்புக் கோடு இரண்டுக்கு மேல் போகாது. மூன்றாம் தலைமுறையில் எட்டு மூலக்கூறுகள், அதில் இரண்டில்தான் சிவப்பு இருக்கும், கால் பங்கு. சூத்திரம் தேவையில்லை.

ஆர்.என்.ஏ. அமைப்புக்கு நான் அதிக நேரம் செலவழிக்கவில்லை. ரைபோசு, தைமினுக்குப் பதில் யுராசில், பெரும்பாலும் ஒற்றை இழை. அப்புறம் தூது, இடமாற்ற, ரைபோசோம் என மூன்று வகையின் வேலைகள். கடந்தகால வினாத்தாள்களைச் செய்யும்போதே பதிந்துவிடும்.

இரண்டாம் தடவைக்குத் தயாரானபோது ஒரு பழக்கம் வைத்தேன். கட்டுரை தொடங்குமுன் வெறும் தாளில் கவையை வரைந்து, எல்லா முனைகளுக்கும் 5′, 3′ போட்டு, அம்புகளைக் குறித்து, பிறகு நொதியங்களை அவை வேலை செய்யும் இடத்தில் எழுதுவேன். எழுதி முடித்தால் விட்டுப்போனது தெரியும். ஒருநாள் இரண்டு துண்டுகளுக்கு நடுவே இடைவெளி வெறுமையாகக் கிடந்தது. லிகேஸ் எனக்கு அப்படித்தான் ஞாபகம் வந்தது.