முனையத்தில் நடப்பதை அப்படியே பதிவுசெய்தல்

நிறுவல் வழிகாட்டி எழுதும்போது கட்டளைகளை நினைவிலிருந்து தட்டச்சு செய்து, வெளியீட்டை மட்டும் முனையத்திலிருந்து (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் உரைச் சாளரம்) நகலெடுத்து ஒட்டுவது பலருக்கும் வழக்கம். இடையில் கொடுத்த ஒரே ஒரு கட்டளை விடுபட்டாலும், வழிகாட்டியைப் பின்பற்றுபவருக்கு அந்த வெளியீடு கிடைக்காமல் போகலாம். திரைப்பிடிப்புப் படங்களையும் நான் விரும்புவதில்லை. அவற்றிலிருந்து கட்டளையை நகலெடுக்க வழியில்லை.

இந்த வேலைக்கென்றே ‘ஸ்கிரிப்ட்’ என்னும் கட்டளை, 1979-இல் வெளிவந்த, யூனிக்ஸின் ஒரு வகையான பிஎஸ்டியின் மூன்றாம் பதிப்பிலிருந்து யூனிக்ஸ் உலகில் இருந்துவருகிறது. அதை இயக்கியதும், நிரல்களுக்கு உண்மையான முனையம்போலவே தோன்றும் போலி முனையம் ஒன்றில் புதிய ஷெல் (கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) திறக்கும். அதிலிருந்து வெளியேறும்வரை திரையில் தோன்றுவதெல்லாம், வேறு பெயர் தராவிட்டால், ‘டைப்ஸ்கிரிப்ட்’ என்ற கோப்பில் சேரும். ஒரு கட்டளையின் வெளியீட்டை இன்னொன்றுக்குத் தரும் பைப் வழியாக, வந்ததைத் திரையிலும் கோப்பிலும் எழுதும் ‘டீ’ கட்டளைக்கு அனுப்பினால் போதாதா என்று கேட்கலாம். அதில் நாம் கொடுத்த கட்டளை பதிவாகாது. பிழைச் செய்திகளையும் தனியே திருப்பிவிட வேண்டும். அதைவிட முக்கியமாக, தன் வெளியீடு முனையத்துக்குச் செல்லவில்லை என்று அறிந்தால் கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ கூட நெடுவரிசைகளைக் கைவிட்டு, வரிக்கு ஒரு பெயராக எழுதத் தொடங்கிவிடும். போலி முனையம் இருப்பதால் ஸ்கிரிப்டில் இந்த மாற்றம் நேர்வதில்லை.

ஆனால் அதே காரணத்தால் அந்தக் கோப்பு தூய உரையாகவும் இருப்பதில்லை. நிறத்துக்கான எஸ்கேப் தொடர்களும் (முனையத்துக்கான கட்டுப்பாட்டுக் குறிகள்), அழித்துத் திருத்தியதன் பேக்ஸ்பேஸ் குறிகளும், முன்னேற்றப் பட்டை ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதிய தடங்களும் அதில் அப்படியே கிடக்கும். பிறகு துப்புரவு செய்வதைவிட, ஷெல் தூண்டியை (கட்டளைக்காகக் காத்திருக்கையில் தோன்றும் குறியை) வெறும் டாலர் குறியாக்கி, நிறங்களை அணைத்து, சாளரத்தை 80 எழுத்து அகலத்தில் வைத்துக்கொண்டு பதிவைத் தொடங்குவதே எளிது. எஞ்சும் பேக்ஸ்பேஸ்களை ‘-b’ விருப்பத்துடன் ‘கோல்’ கட்டளை நீக்கிவிடும். நிறத் தொடர்களுக்கு அதை நம்ப முடியாது.

செய்துகாட்டுவதுதான் நோக்கம் என்றால், முனையத்தைப் பதிவுசெய்யும் கருவியான ஆஸ்கினிமா பொருந்தும். அதன் பதிவு காணொளியன்று; நேரக்குறிப்புடன் கூடிய உரையே என்பதால் பார்ப்பவர் இடையில் நிறுத்திக் கட்டளையை நகலெடுக்கலாம்.

ஸ்கிரிப்ட் இயல்பாக வெளியீட்டை மட்டுமே பதிவதால், திரையில் தெரியாத கடவுச்சொல் கோப்பில் சேராது. லினக்ஸின் புதிய பதிப்புகளில் உள்ளீட்டையும் பதியும் விருப்பத்தை இயக்கினாலோ, அதுவும் சேர்ந்துவிடும். அணுகல் டோக்கன்கள் (கடவுச்சொல்போல் பயன்படும் ரகசியக் குறியீடுகள்) வெளியீட்டிலேயே அச்சாவதும் உண்டு. ஆகவே வெளியிடுமுன் கோப்பை முழுவதும் படித்து, மறைத்த இடங்களில் உண்மைபோன்ற போலி மதிப்பை இடாமல், மறைக்கப்பட்டது என்று வெளிப்படையாகவே எழுதுகிறேன்.