காற்றில் போன 608 நாள்

ஒரு கணக்கோடு தொடங்குவோம். ஒருவர் 2019 செப்டெம்பர் 1 அன்று மாணவராக ரொறன்ரோவில் வந்து இறங்குகிறார். படிப்பு முடிகிறது, வேலை அனுமதி கிடைக்கிறது, பிஆருக்கு, அதாவது நிரந்தர வதிவுரிமைக்கு, போடுகிறார். கோப்பு இழுபட்டு இழுபட்டு 2024 மே 1 அன்று பிஆர் வருகிறது. இடையில் ஒரு நாள்கூட நாட்டைவிட்டு வெளியே போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இவர் கனடாக் குடியுரிமைக்கு எப்போது விண்ணப்பிக்கலாம்?

2026 மே 1. வந்து ஆறு வருடமும் எட்டு மாதமும் ஆன பிறகு. சட்டம் கேட்பதோ 1,095 நாள், அதாவது மூன்றே வருடம்.

மிச்சம் எங்கே போனது? குடியுரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, விண்ணப்பத் தேதிக்கு முந்தைய ஐந்து வருடத்தை மட்டும்தான் பார்க்கும். இவருக்கு அந்த ஐந்து வருடம் 2021 மே 1 அன்று தொடங்குகிறது. அதற்கு முன்பு இங்கே கழித்த 608 நாளும் கணக்கிலேயே வராது. 2021 மே 1 முதல் 2024 ஏப்ரல் 30 வரை 1,096 நாள் தற்காலிக அனுமதியில் இருந்திருக்கிறார். பிஆருக்கு முந்தைய நாள் ஒவ்வொன்றுக்கும் அரை நாள்தான் மதிப்பு. அதுவும் மொத்தம் 365ஐத் தாண்டக்கூடாது. 730 நாள் இருந்தாலே அந்த 365 நிரம்பிவிடும். ஆக, இன்னுமொரு 366 நாள் வீண். பிஆர் வந்தபின் 730 முழு நாள் இருந்தால்தான் 1,095 தேறும். 608ஐயும் 366ஐயும் கூட்டிப் பாருங்கள்: 974 நாள். அத்தனை நாளும் வரி கட்டியவர், வாடகை கட்டியவர், பனி வழித்தவர்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பிஆர் கோப்பு ஒரு நாள் தாமதித்தால் குடியுரிமை எத்தனை நாள் தள்ளிப்போகும்? அந்த 730 நாள் நிரம்பும்வரை அரை நாள். நிரம்பியபின் முழு நாள். அதாவது, இரண்டு வருடத்துக்கு மேல் தற்காலிக அனுமதியில் இருப்பவரின் பிஆர் பத்து மாதம் பிந்தினால் குடியுரிமையும் பத்து மாதம் பிந்தும். தாமதம் அலுவலகத்தினுடையது, கழிபடுவது விண்ணப்பதாரரின் நாள். “தாமதத்தைக் குறையுங்கள்” என்று பொத்தாம்பொதுவாகக் கேட்கும் மனுக்களில் இந்தக் கணக்கு வருவதே இல்லை. வரவேண்டியது இதுதான்.

இந்த விதி எப்படி இந்த வடிவத்துக்கு வந்தது என்று தெரியாமல் அதை மாற்றக் கேட்பதும் கஷ்டம். 2015 வரை நான்கு வருடத்தில் 1,095 நாள் என்றிருந்தது. பிஆருக்கு முந்தைய நாளுக்கு அப்போதும் அரை மதிப்பு. ஆனால் ‘வதிவது’ என்றால் உடலால் இங்கே இருப்பதா, இங்கே வேரூன்றியிருப்பதா என்பதைச் சட்டம் தெளிவாகச் சொல்லவில்லை. சமஷ்டி நீதிமன்றத்தின் தீர்ப்புகளிலிருந்து மூன்று வேறு அளவுகோல்கள் புழக்கத்துக்கு வந்தன. எந்த நீதிபதி எதைக் கையில் எடுப்பார் என்பது அதிர்ஷ்டம். 2012இல் வதிவிடக் கேள்விக்கொத்து என்ற தடித்த படிவத்தை அதிகம் பேருக்கு அனுப்பத் தொடங்கினார்கள். வாடகை ஒப்பந்தம், சம்பளச் சிட்டை, வங்கிக் கணக்கு என்று வருடக்கணக்கான தாள்களைத் தேடி எடுத்து அனுப்பவேண்டும். அது வந்த கோப்பு தனி வரிசைக்குப் போய்விடும். குடியுரிமைக்காகக் காத்துக்கிடந்த விண்ணப்பங்கள் 3 லட்சத்தைத் தாண்டின.

அந்தத் தேக்கத்துக்கு அரசு கண்ட மருந்து சி-24 என்ற மசோதா. குடிவரவு அமைச்சர் கிறிஸ் அலெக்சாண்டர் 2014 பெப்ரவரியில் கொண்டுவந்தார், ஜூன் 19இல் சட்டமானது. வதிவிட விதி 2015 ஜூன் 11இல் நடைமுறைக்கு வந்தது: ஆறு வருடத்தில் 1,460 நாள், அதற்குள் நான்கு காலண்டர் வருடங்களில் வருடத்துக்கு 183 நாளாவது. பிஆருக்கு முந்தைய நாளுக்கு மதிப்பு பூச்சியம். உடல் இருப்பு என்பதை நேராக எழுதி மூன்று அளவுகோல் குழப்பத்தை முடித்தது நல்ல வேலைதான், அதை மறுக்க முடியாது. ஆனால் பலமாக அடிவாங்கியவர்கள் மாணவர்களும் வீட்டோடு தங்கிக் குழந்தை பார்க்க வந்த பராமரிப்பாளர்களும். அப்போது பராமரிப்பாளர் 24 மாத முழுநேர வேலையை முடித்தால்தான் பிஆருக்கே போடமுடிந்தது. போட்டபின் வருடக்கணக்கில் காத்திருப்பு. அந்த நாள் அத்தனையும் சி-24இல் அடிபட்டுப் போனது.

திருப்பி வாங்க மூன்று வருடம் பிடித்தது. மாணவர் அமைப்புகள், பராமரிப்பாளர் அமைப்புகள், குடிவரவு வழக்கறிஞர்கள் என்று பலர் பேசினார்கள். 2015 தேர்தலில் ஆட்சி மாறியது. சி-24ஐத் திருத்தும் சி-6 மசோதா 2016 பெப்ரவரியில் அறிமுகமாகி, ஜூனில் பாராளுமன்றத்தின் கீழவையைத் தாண்டியது. செனட்டில் அதை ஏந்திக் கொண்டுபோனவர் செனட்டர் ரத்னா ஒமித்வார். அங்கேயே ஒரு வருடம் போலக் கிடந்தது. 2017 ஜூன் 19இல் ஒப்புதல், அதாவது சி-24க்குச் சரியாக மூன்று வருடம் கழித்து. புதிய நாள் கணக்கு ஒக்டோபர் 11இல்தான் அமலுக்கு வந்தது. மசோதா சட்டமாவதும் பிரிவு அமலாவதும் வேறு வேறு. செய்தியைப் பார்த்த கையோடு விண்ணப்பம் போடக்கூடாது.

சி-6 பழைய 1,095 நாளைத் திருப்பிக் கொண்டுவந்தது, ஆனால் 2015க்கு முன்பிருந்த நான்கு வருடத்துக்குப் பதிலாக ஐந்து வருடத்துக்குள். அரை நாள் மதிப்பை மட்டும் ஒரு வருடத்தோடு நிறுத்தியது. பழைய நான்கு வருடக் கணக்கில், இரண்டு வருடத்துக்கு மேல் பிஆருக்கு முந்தைய நாளைச் சேர்க்க எண்ணிக்கைப்படியே இடமில்லை, ஆகவே 365 அங்கே தானாக வந்து நின்ற எல்லை. ஐந்து வருடமானபின் அதே 365ஐ வைத்திருக்க எனக்குத் தெரிந்து நல்ல காரணம் இல்லை. உச்சவரம்பை எடுத்துவிட்டால் மேலே சொன்ன மாணவர் பல மாதம் முந்திவிடுவார். கேட்கக்கூடிய மாற்றங்களில் ஆகச் சிறியதும் இதுதான்: ஒரு எண்.

இதைவிடப் பெரிய ஓட்டை அகதிக் கோரிக்கையாளர்களுடையது. அரை நாள் மதிப்பு தற்காலிக வதிவாளருக்கும் பாதுகாக்கப்பட்ட நபருக்கும் (அகதி என்று ஏற்கப்பட்டவர் போன்றோர்) மட்டும். கோரிக்கை வைத்த நாளிலிருந்து சாதகமான முடிவு வரும் நாள்வரை அவர் இரண்டுமில்லை. கையில் வேலை அனுமதி இருக்கிறதே என்று பலர் அந்த நாள்களையும் போட்டுவிடுகிறார்கள். கோரிக்கையாளருக்குக் கொடுக்கும் வேலை அனுமதி அவரைத் தற்காலிக வதிவாளர் ஆக்காது என்று குடிவரவு ஒழுங்குவிதியின் 202ஆவது பிரிவு சொல்கிறது. 2010 ஓகஸ்டில் சன் சீ கப்பலில் வந்த 492 தமிழர்களில் எத்தனையோ பேரின் வழக்குகள் வருடக்கணக்கில் இழுபட்டன. அந்த விசாரணைக் காலத்துக்குக் குடியுரிமைக் கணக்கில் அரை நாள்கூட இல்லை.

போர்த்துக்கல் வேறு வழியில் போய்ப் பார்த்தது. 2024 மார்ச்சில், வதிவிட அனுமதி கேட்ட நாளிலிருந்தே குடியுரிமைக்கான காலத்தை எண்ணலாம், அனுமதி பின்னர் கிடைத்தால் போதும் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். தாமதத்தின் பாரம் அலுவலகத்தின் தலையில். கொள்கையாக இதுதான் சுத்தமானது. ஆனால் 2025 ஒக்டோபரிலேயே அந்நாட்டுப் பாராளுமன்றம் பொதுவான ஐந்து வருடத்தைப் பத்தாக்கும் மசோதாவை நிறைவேற்றியது. டிசெம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அதன் சில பிரிவுகளைத் தடுத்தது. தலைப்புச் செய்தியாக வரும் வெற்றி தலைப்புச் செய்தியாகவே போகவும் செய்யும். கனடாவில் நான் சின்னத் திருத்தத்தைக் கேட்கச் சொல்வது அதனால்தான்.

நாள் எண்ணிக்கை சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. அமைச்சர் நினைத்தால்கூட உத்தரவு போட்டு மாற்ற முடியாது, பாராளுமன்றம் திருத்தவேண்டும். கோப்பு எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பது நிர்வாக விஷயம். ஒரே மனுவில் இரண்டையும் கலந்தால் பதில் இரண்டாவதுக்கு மட்டும் வரும்: கூடுதல் ஆள் போட்டிருக்கிறோம், இணையவழியாக்குகிறோம், 12 மாதச் சேவைத் தரத்தை நோக்கிப் போகிறோம். சட்டத்தைப் பற்றி ஒரு வரி இருக்காது. மனுவின் கோரிக்கை வரி பிரிவைச் சொல்லட்டும்: “குடியுரிமைச் சட்டம் பிரிவு 5(1.001)இல் உள்ள 365 நாள் உச்சவரம்பை நீக்குக.”

கீழவைக்கு மனுப்போடக் குடியுரிமை தேவையில்லை. கனடாவில் வதியும் யாரும் கையெழுத்திடலாம், வாக்குரிமை இல்லாதவரும்கூட. இது தெரியாமல் குடியுரிமை உள்ள உறவினரின் கையெழுத்தை மட்டும் தேடி அலைபவர்கள் இருக்கிறார்கள். இணைய மனு என்றால் முதலில் ஐந்து ஆதரவாளர், பிறகு பொறுப்பேற்கும் ஓர் எம்.பி. 30, 60, 90, 120 நாள்களில் ஒன்றைத் தெரிவுசெய்யலாம்; 120ஐ எடுங்கள். 500 செல்லுபடியான கையெழுத்து வராவிட்டால் மனு அதோடு சரி. கையெழுத்து விழாமல் போவதற்கு ஒரு காரணம், மின்னஞ்சலுக்கு வரும் உறுதிப்படுத்தும் இணைப்பை அழுத்தாமல் விடுவது. கோவில் வாசலில் நின்று நூறு பேரைப் போடவைத்தால், அவர்கள் அங்கேயே மின்னஞ்சலைத் திறக்கும்வரை நில்லுங்கள். தாள் மனுவுக்கு 25 கையெழுத்தே போதும், ஆனால் பேனாவால் போட்ட மூலப்பிரதி வேண்டும், போட்டோக்கொப்பி செல்லாது. சபையில் வைத்தபின் அரசு 45 நாளுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும்.

மனு கதவைத் தட்ட மட்டும்தான். சட்டத்தின் சொற்கள் மாறுவது கீழவையின் குடிவரவுக் குழுவில். குடியுரிமைச் சட்டத்தைத் தொடும் மசோதா அங்கே வரும்போது யாரும் எழுத்தில் கருத்து அனுப்பலாம். இரண்டு பக்கம் போதும்: திருத்தச் சொற்கள், மேலே போட்டதுபோல் தேதியோடு ஒரு கணக்கு, பாதிக்கப்படும் வகையினர். எதிர்வாதத்துக்கும் பதில் வையுங்கள். ‘தற்காலிகமாக வந்தவருக்கு நாட்டோடு என்ன பிணைப்பு’ என்பார்கள். மூன்று வருட வரித் தாக்கல், மொழித்தகுதி, 20 கேள்வியில் 15 சரியாகச் சொல்லவேண்டிய பரீட்சை எல்லாம் அந்தப் பிணைப்பைப் பார்க்கத்தானே இருக்கின்றன?

சட்டம் மாறும்வரை இருக்கிற கணக்கையாவது பிழையின்றிப் போடவேண்டும். புறப்படும் நாளும் திரும்பும் நாளும் கனடாவில் இருந்த நாளாகவே எண்ணப்படும். டிசெம்பர் 10 புறப்பட்டு ஜனவரி 5 திரும்பினால் கழிபடுவது 25 நாள். அதிகம் நடக்கும் பிழை, கடவுச்சீட்டு முத்திரையைப் பார்த்துப் புறப்பட்ட தேதியை எழுதுவது. ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் 10ஆம் தேதி இரவு ஏறினால் இலங்கையில் கட்டுநாயக்காவில் 12 என்று குத்துவார்கள். எழுதவேண்டியது 10. கனடா எல்லைச் சேவையின் பதிவில் 10 இருக்கும், உங்கள் தாளில் 12 இருந்தால் அதிகாரி மற்றத் தேதிகளையும் சந்தேகத்தோடு பார்ப்பார். காலையில் எல்லை தாண்டி அமெரிக்காவின் பஃபலோ போய் மாலையில் வந்த பயணம் கழிபடாது. ஆனாலும் எழுதிவிடுவது நல்லது, எல்லைப் பதிவில் அது கிடக்கிறது. கனடா விமான நிலையங்களில் இயந்திரத்தில் முடித்து வந்தால் முத்திரை இருக்காது. அதனால் விண்ணப்பத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே உங்கள் பயண வரலாற்றை எல்லைச் சேவையிடம் கேட்டு எடுத்துவையுங்கள்.

பிஆர் தொடங்கிய தேதி உறுதிப்படுத்தல் பத்திரத்தில் உள்ளது, அட்டை அச்சான தேதி அல்ல. அனுமதி முடியுமுன் நீட்டிப்புக் கேட்டுக் காத்திருந்த நாள்கள் அரை மதிப்பில் சேரும். காலாவதியாகி, அந்தஸ்தை மீட்கக் கேட்டுக் காத்திருந்த நாள்கள் சேராது. சிறையில், நன்னடத்தைக் கண்காணிப்பில், பரோலில் கழிந்த நாளும் சேராது. 1,095 நிரம்பிய அன்றே போட ஓடாதீர்கள். ஒரு பயணத் தேதி ஒரு நாள் பிசகினால் 1,094. பதினைந்து இருபது நாள் கையிருப்பு இருக்கட்டும்.

குடியுரிமைக் கோப்பே அசையாமல் கிடந்தால், அதில் அதிகாரிகள் எழுதிய குறிப்புகளைத் தகவல் உரிமைக் கோரிக்கையில் 5 டொலருக்கு எடுத்துப் பார்க்கலாம். எந்த மேசையில் நிற்கிறது என்று அதில் தெரியும். எம்.பி. அலுவலகம் நிலையைக் கேட்டுச் சொல்லும், தள்ளிவிட முடியாது. கடைசிப் படி சமஷ்டி நீதிமன்றத்தில் ‘முடிவெடு’ என்ற ஆணை கேட்பது. தாமதம் இயல்பை மீறியதா, அதற்கு விண்ணப்பதாரர் காரணமா, அலுவலகம் தக்க விளக்கம் தந்ததா என்ற மூன்றையும் பார்ப்பார்கள். கேட்ட தாளை நீங்களே பிந்தி அனுப்பியிருந்தால் இரண்டாவதிலேயே விழுந்துவிடுவீர்கள்.

குடிவரவுத் துறையின் இணைய நாள் கணிப்பானில் போடும் விண்ணப்பத் தேதியும் கையெழுத்துத் தேதியும் ஒன்றாக இருக்கவேண்டும். கையெழுத்து ஒரு வாரம் தள்ளிப்போனால் ஐந்து வருடச் சட்டகமும் ஒரு வாரம் நகரும், பின்பக்கத்தில் ஏழு நாள் உதிரும். அன்றைக்கே கணக்கைப் புதிதாகப் போட்டு அச்சடியுங்கள். பழைய தாளில் தேதியை மட்டும் வெட்டித் திருத்தாதீர்கள்.