கொலம்பியாவிலிருந்து பல்லாவரத்துக்கு: ஒரு டிரெய்னியை வரவழைத்த அனுபவம்

ஐசெக் என்றாலே மாணவர்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிற அமைப்பு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கல்லூரி நாட்களில் நான் இருந்தது எதிர்ப்பக்கம். வெளிநாட்டு மாணவர்களுக்குச் சென்னை நிறுவனங்களில் பயிற்சி இடம் பிடித்துக் கொடுக்கும் குழு அது. எங்கள் யாருக்கும் சம்பளம் கிடையாது.

1948இல் பெல்ஜியம், பிரான்ஸ், ஸ்வீடன் உள்ளிட்ட ஏழு ஐரோப்பிய நாடுகளின் மாணவர்கள் தொடங்கியது, இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் கிளைகள் என்று நிறுவனங்களில் போய் ஆரம்பிப்போம். "சரிம்மா, டொனேஷனா, ஸ்பான்சர்ஷிப்பா?" என்பார்கள். கிண்டி, அம்பத்தூர் எஸ்டேட் என்று வெயிலில் அலைந்ததில் ஒன்று புரிந்தது. வரலாறு பேசி வேலைக்கு ஆகாது. எந்த நிறுவனத்துக்கு எந்த மொழி பேசும் ஆள் தேவை என்று தெரிந்துகொண்டு போனால் உட்காரச் சொல்வார்கள்.

அப்படி அமைந்ததுதான் பல்லாவரம் பக்கம் இருந்த தோல் பொருள் ஏற்றுமதி நிறுவனம். ஸ்பெயினிலிருந்து விசாரணைகள் வந்தபடி இருந்தன, பதில் எழுத ஆளில்லை. ஸ்பானிஷ் தெரிந்த மார்க்கெட்டிங் டிரெய்னி என்று எங்கள் தளத்தில் பதிவிட்டோம். வந்த விண்ணப்பங்களில் கொலம்பிய மாணவி ஒருத்தியை அவர்களுக்குப் பிடித்திருந்தது. இங்கே மாலை 7 மணி, போகோட்டாவில் காலை 8.30, வீடியோவில் நேர்காணல் நல்லபடியாக முடிந்தது. மேட்ச் ஆகிவிட்டது என்று குழுவில் ஸ்வீட் எல்லாம் கொடுத்தார்கள். அசல் வேலை அதற்கு அப்புறம்தான் ஆரம்பித்தது.

விசாவுக்கு நிறுவனம் கடிதம் தர வேண்டும். என்ன வேலை, எங்கே, எத்தனை மாதம், உதவித்தொகை எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். உதவித்தொகையை எழுத்தில் போட அவர்களுக்கு மனம் வரவில்லை. "டூரிஸ்ட் விசாவில் வரச் சொல்லிடுங்களேன், யார் பார்க்கப் போறாங்க?" என்றார் மேலாளர். அந்த விசாவில் வந்து பயிற்சி செய்யக் கூடாது. மாட்டினால் திருப்பி அனுப்பப்படுவது அவள், நிறுவனமல்ல. முடியாது என்று சொல்லிவிட்டோம். இடம் கைவிட்டுப் போனாலும் பரவாயில்லை என்றுதான் இருந்தோம். கடைசியில் அவர்களுடைய ஆடிட்டர் சொன்ன பிறகு லெட்டர்ஹெட்டில் கையெழுத்தும் முத்திரையுமாகக் கடிதம் வந்தது. இப்படி ஒரு யோசனை சொல்கிற நிறுவனத்திடம் மற்ற எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

அடுத்து வீடு. வெளிநாட்டவர் என்றதும் பாதிப் பேர் போனிலேயே வேண்டாம் என்றார்கள். மீதிப் பேர் வாடகையை ஏற்றினார்கள். குரோம்பேட்டையில் ஓர் ஆன்ட்டி மாடி அறையைத் தரச் சம்மதித்தார், சமைப்பதானால் சைவம் மட்டும் என்ற நிபந்தனையோடு. அவருக்கு ஃபார்ம் சியைப் புரியவைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. வெளிநாட்டவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் அதைப் பதிவு செய்ய வேண்டும். "அப்போ போலீஸ் வீட்டுக்கு வருமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவள் வந்திறங்கிய அன்று மாலையே லேப்டாப்போடு போய்க் கூட உட்கார்ந்தேன். பாஸ்போர்ட் எண், விசா எண், எங்கிருந்து வந்தார் என்பதெல்லாம் சரியாகப் போனது. 'அடுத்து எங்கே செல்கிறார்' என்ற கட்டத்தில் ஆன்ட்டி நிறுத்திவிட்டார். "இப்பத்தானே வந்திருக்கா, அதுக்குள்ள எங்கே அனுப்பணும்ங்கிறாங்க?"

அவள் விசா 180 நாளுக்கு மேற்பட்டது என்பதால் 14 நாளுக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ. எனும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவும் உண்டு. முன்பு போல ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் போய்க் காத்துக் கிடக்க வேண்டியிருக்கவில்லை, எல்லாம் இணையத்திலேயே. அதற்கும் ஃபார்ம் சி நகல் தேவைப்பட்டது. அன்றைக்கே அதைப் போட்டுவைத்ததால் தப்பித்தோம்.

குழுப் பொறுப்புகள் வருடத்துக்கு ஒருமுறை கை மாறும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒப்பந்தம் பேசியவர் ஒருவர், டிரெய்னி ஊருக்குக் கிளம்பும்போது இருப்பவர் வேறொருவர். நானும் அவள் இங்கே இருக்கும்போதே பொறுப்பை ஒப்படைத்துவிட்டேன். கடிதம், வாடகை ஒப்பந்தம், ஃபார்ம் சி, மேலாளர் சம்மதித்து அனுப்பிய மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டுப் புதியவர்களிடம் கொடுத்தேன். நிறுவனம் அவர்களோடு பேசப் பழகிவிட்டது. ஆன்ட்டி மட்டும் மோட்டார் ஓடவில்லை என்றாலும் எனக்குத்தான் போன் போடுவார்.